பத்துப் பேர் உள்ளே, பதினொரு பேர் வெளியே

பத்துப் பேர் உள்ளே போனார்கள். பதினொரு பேர் வெளியே வந்தார்கள். கேட் வேலையில் இதைவிடப் பெரிய ஆபத்து எனக்குத் தெரிந்து கிடையாது. அன்று காலை ஒன்பதே கால் மணிக்கு நான் கேட்டை இழுத்துப் பூட்டி, சாவியை என் சாக்ஸுக்குள் போட்டுக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும். எங்கள் பறவைப் பூங்காவின் கேட்டுக்குப் புதிதாக இரண்டு பேர் வேலைக்கு வரப்போகிறார்கள். "அந்தோணி, உன் அனுபவத்தை எழுதிக் குடு, அவங்க படிக்கட்டும்" என்று ஷீலா மேடம் சொன்னார். பூங்காவை நடத்துகிற டிரஸ்டுக்கு அவர்தான் செகரெட்டரி. நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருக்குமோ என்ற பயத்தில் இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

1. கொடிக்காரன்

பூங்கா இருப்பது பெங்களூருக்கு வெளியே, அத்திபெலேயிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே. முன்பு அது ஜல்லி குவாரி. நான் பெங்களூர் மர்பி டவுனில் பிறந்தவன். வேலை தேடி இந்தப் பக்கம் வந்து, அந்தக் குவாரியில் பதினாறு வருடம் கொடிக்காரனாக இருந்தேன்.

கொடிக்காரன் என்றால் கட்சிக்காரன் இல்லை. பாறைக்கு வெடி வைப்பதற்கு முன்னால் சிவப்புக் கொடி பிடித்து, விசில் ஊதி, பள்ளத்தில் இருக்கிற எல்லோரையும் மேலே ஏற்றுகிறவன். காலையில் எத்தனை தலை இறங்கியது என்று சிலேட்டில் எழுத வேண்டும். வெடிக்கு முன்னால் அத்தனை தலையும் ஏறிவிட்டதா என்று எண்ண வேண்டும். கணக்கு ஒத்தால்தான் கொடியை இறக்கி வெடி போடச் சொல்லலாம்.

மேஸ்திரி என்னை இதற்கு எடுத்ததே நான் பயந்தாங்கொள்ளி என்பதால்தான். "தைரியசாலி கையில கொடி குடுத்தா ஒரு ஆளு கொறஞ்சாலும் பரவால்லன்னுடுவான். இவன் பயத்துல நாலு வாட்டி எண்ணுவான்" என்றார். நான் ஐந்து வாட்டி எண்ணினேன். பதினாறு வருடத்தில் எனக்குக் கீழே யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. எனக்கு மட்டும் அல்சர் வந்தது.

அப்புறம் குவாரி மூடிவிட்டது. பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றது. தண்ணீருக்குப் பறவை வந்தது. பறவைக்கு பைனாகுலர் வந்தது. பைனாகுலருக்கு டிரஸ்ட் வந்தது. டிரஸ்டுக்கு ஒரு வாட்ச்மேன் தேவைப்பட்டது. நான் வேறு எங்கும் போயிருக்கவில்லை.

முதல் நாள் ஆறு பேர் உள்ளே இருந்தார்கள். தண்ணீர் ஓரத்தில் பறவைக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்க்க ஓலைக் கொட்டகை ஒன்று உண்டு. அதை ஹைட் என்பார்கள். அந்த ஹைட்டில் காலை ஆறு மணியிலிருந்து மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மணி பன்னிரண்டரை ஆனது. அது வெடி நேரம். என் வாய் என்னைக் கேட்கவில்லை. பாக்கெட்டிலிருந்த பழைய விசிலை எடுத்து மூன்று முறை நீளமாக ஊதி, "ஏறுங்க! எல்லாரும் மேல ஏறுங்க!" என்று கத்திவிட்டேன்.

நல்ல மனிதர்கள், ஏறிவிட்டார்கள். டிரைபாடும் பையுமாக ஆறு பேரும் சரிவில் ஓடி வந்தார்கள். குளத்திலிருந்த பறவை அத்தனையும் எழும்பி ஓசூர் பக்கம் போனது. ஒரு வயதான அம்மா மூச்சிரைக்க, "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார்.

"வெடிம்மா."

"என்ன வெடி?"

மேடம் விசிலைப் பிடுங்கிக்கொண்டார். இது முதல் வார்னிங்.

2. ஒன்று குறைவு

விசில் போனாலும் எண்ணுகிற பழக்கம் போகவில்லை. வருகிறவர்களை உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எண்ணினேன். மற்ற நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் பறவைகளையும் எண்ண ஆரம்பித்தேன். மேடத்துக்கு அது பிடித்திருந்தது. ஒரு ரெஜிஸ்டர் வாங்கிக் கொடுத்தார்.

மஞ்சள் மூக்கு நாரை ஏழு இருந்தது. தினமும் காலையில் ஏழு, மாலையில் ஏழு. ஒரு நாள் மாலை ஆறுதான். ஐந்து வாட்டி எண்ணினேன். ஆறு. மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், காலைல ஏழு இருந்தாங்க. இப்ப ஆறுதான். ஒருத்தர் ஏறல."

"ஐயோ! தண்ணிகிட்ட போனாங்களா?"

"நாள் பூரா தண்ணிலதான் மேடம் நின்னாங்க."

இருபது நிமிடத்தில் தீயணைப்பு வண்டி, படகு, கயிறு எல்லாம் வந்துவிட்டது. தீயணைப்பு அதிகாரி ஒருவர் நோட்டை எடுத்தார்.

"காணாம போனவங்க என்ன டிரஸ்?"

"வெள்ளை சார். கையோரம் கறுப்பு. பின்பக்கம் கொஞ்சம் ரோஸ்."

"லேடீஸா, ஜென்ட்ஸா?"

"அது தெரியாது சார். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் குளத்தில் மிச்சமிருந்த ஆறைக் காட்டினேன்.

அன்று மேடம் கத்தவில்லை. மெதுவாகப் பேசினார். அதுதான் அதிக பயமாக இருந்தது. "அந்தோணி, அதுக்கு ரெக்கை இருக்கு. போகும், வரும். ஜனங்க எனக்கு போன் பண்ணிச் சிரிக்கிறாங்க. மூணாவது வாட்டி சும்னே அலாரம் குடுத்தா, நீயும் அது பின்னாடியே பறந்துடுவே. ஆயித்தா?"

"ஆயித்து மேடம்" என்று நானும் கன்னடத்திலேயே சரி சொன்னேன்.

3. சொல்லக்கூடாத விஷயம்

குவாரியின் வடக்குச் சுவரில், துளை போட ஆள் நிற்பதற்காக வெட்டிய பழைய டிரில்லிங் படி ஒன்று பாதியில் நிற்கிறது. ஏணி வைத்தாலும் எட்டாது. அந்தப் படியில் ஒரு ஜோடிக் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. தலையில் இரண்டு கொம்பு மாதிரி இறகு, ஆரஞ்சுக் கண். பார்த்தால் நம்மீது ஏதோ கேஸ் போடப்போகிற மாதிரியே பார்க்கும். தினமும் காலை ஏழு மணிக்கு என் அறையிலிருந்த டெலஸ்கோப்பில் பார்த்து எண்ணினேன். குஞ்சு இரண்டு.

பறவை பார்க்கிறவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆந்தைக் கூடு இருக்கிற இடத்தை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஐம்பது கேமரா வந்து நிற்கும். அதைவிட மோசம், அமாவாசைப் பூஜைக்கு ஆந்தை பிடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மேடம் என்னிடம் சத்தியமே வாங்கினார்: "கூடுன்னு ஒரு வார்த்தை உன் வாயிலருந்து வரக்கூடாது. அந்தக் குஞ்சு ரெண்டும் உன் பொறுப்பு."

பொறுப்பு என்று என்னிடம் சொல்லக்கூடாது. அன்றிலிருந்து உள்ளே போகிற ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டேன். கயிறு இருக்கிறதா, சாக்கு இருக்கிறதா, ஆந்தைக்காரன் முகமா என்று பார்த்தேன். ஆந்தைக்காரன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லா முகமும் அப்படியே இருந்தது.

4. ஒன்று கூடுதல்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாட்ஸப் குரூப்பிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். ஏற்பாடு செய்தவருக்குக் காய்ச்சலாம், அவர் வரவில்லை. வந்த பத்துப் பேரும் ஒருவரையொருவர் முன்பின் பார்த்ததில்லை. எல்லோருக்கும் காய்ந்த இலை நிறத்தில் சட்டை, தொப்பி. எண்ணி, ரெஜிஸ்டரில் பத்து என்று எழுதி உள்ளே விட்டேன்.

ஒன்பதே காலுக்கு வெளியே வந்தார்கள். எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்று. ஐந்து வாட்டியும் பதினொன்று.

ஒரு ஆள் குறைந்தால் என்ன செய்வது என்று எனக்குப் பதினாறு வருடப் பழக்கம் இருக்கிறது. கூடினால் என்ன செய்வது? குவாரியில் கூடினதே இல்லை. கேட் வழியாக வராத ஒருவன் வேலி தாண்டி வந்திருக்கிறான். வேலி தாண்டி எதற்கு வருவான்? குஞ்சுக்குத்தான். கேட்டைப் பூட்டினேன்.

அவர்களில் ஒருவர் ஏதோ பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். அவர்தான் முதலில் வந்தார்.

"ஏம்ப்பா வாட்ச்மேன், கேட்டைத் தொற."

"பூட்டு ஜாம் ஆயிடுச்சு சார்."

"இப்பதானே நீ பூட்டினே? நான் பாத்துட்டே இருந்தேனே!"

"அதான் சார். பூட்டறப்பதான் ஜாம் ஆச்சு."

உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் கூடு என்ற வார்த்தை வரும். ஓரமாகப் போய் மேடத்துக்குப் போன் போட்டேன். "மேடம், ஒண்ணு கூட இருக்கு" என்றேன். "மூணாவது வாட்டி, அந்தோணி. நான் வந்துட்டே இருக்கேன்" என்று வைத்துவிட்டார். வேலை போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. சரி, குஞ்சாவது தப்பட்டும் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

"ஒரு சின்ன விசாரணைங்க. உங்கள்ல யாரு உங்களோட வரல?"

அப்போதுதான் அவர்கள் முதல் முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பிகளா, பறவை பார்க்கிறவர்களைப் பற்றி இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வானத்தில் புள்ளியாகப் பறக்கிற பருந்தின் வாலைப் பார்த்து அது ஆணா பெண்ணா, வயது என்ன என்று சொல்லிவிடுவார்கள். மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு மீசை இருந்ததா என்று கேட்டால் தெரியாது.

தொம்மலூரிலிருந்து வந்த ரோஸ்லின் டீச்சர் ஒருவரை உற்றுப் பார்த்தார். "இவரு வந்தாரு. இல்ல, அவருக்குக் காதுக்குப் பின்னால வெள்ளை இருந்துச்சு. இவரு கொஞ்சம் பருமன். கழுத்து வேற கட்டையா இருக்கு."

"மேடம், நான்தான் உங்கள என் கார்ல கூட்டிட்டு வந்தேன்" என்றார் அந்தக் கட்டைக் கழுத்துக்காரர்.

நீள லென்ஸ் வைத்திருந்த ஒரு பையன் கேமராவைத் தட்டிக்கொண்டே இருந்தான். "எண்ணூறு போட்டோ எடுத்திருக்கேன். எல்லாம் மீன்கொத்தி. ஒண்ணே ஒண்ணுல ஷூ இருக்கு. இது யார் ஷூ?" என்று கேட்டான். அது அவனுடைய ஷூ.

கடைசியில், யார்மேல் சந்தேகமோ அவரைக் கைகாட்டுங்கள் என்றேன். நான்கு பேர் மேனேஜரைக் காட்டினார்கள்.

"நானா? இந்திரா நகர்லருந்து சொந்தக் கார்ல வந்திருக்கேன்!"

"கார்ல வந்தீங்க சார், இல்லேங்கல" என்றார் டீச்சர். "மூணு மணி நேரமா பிளாட் விலை பேசிட்டே வந்தீங்க. பறவை பாக்க வந்தவரு மாதிரி இல்லியே!"

யாருமே சந்தேகப்படாத ஆள் ஒருவர்தான். ஒல்லியாக, வெளுத்துக் காய்ந்த இலை நிறத்துக்கு வந்துவிட்ட பழைய பச்சை ரெயின்கோட் போட்டுக்கொண்டு, தோளில் துணிப்பையோடு நின்றிருந்தார். கழுத்தில் டீச்சருடைய பைனாகுலர் தொங்கியது.

"சாரை மட்டும் தொந்தரவு பண்ணாதீங்க" என்றார் டீச்சர் என்னிடம். "அவரு இல்லேன்னா நாங்க இன்னிக்கு ஒண்ணுமே பாத்திருக்க மாட்டோம். நாங்க போறதுக்கு முன்னாடியே கோரைக்குள்ள அசையாம உட்காந்திருந்தாரு. அவரு கை காட்டின எடத்துலயெல்லாம் மீன்கொத்தி!"

"எத்தனை வருஷமா வர்றீங்கன்னு கேட்டேன். சின்ன வயசுலருந்தேன்னாரு" என்றான் லென்ஸ் பையன். "லைஃபர் எத்தனை சார்னு கேட்டேன். மூணு விரலைக் காட்டினாரு. எவ்ளோ அடக்கம்!"

லைஃபர் என்றால் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்க்கிற பறவை. அவரவர் நூறு, இருநூறு என்று கணக்கு வைத்திருப்பார்கள். அந்த அடக்கமான மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரத்தில் அவருடைய துணிப்பை ஒரு துள்ளுத் துள்ளியது.

எல்லோரும் பார்த்தோம். பை மறுபடியும் துள்ளியது. "அந்தப் பைக்குள்ள உயிர் இருக்கு!" என்று கத்தினார் மேனேஜர்.

உயிரோடு ஒரு குஞ்சு. ஒன்றா, இரண்டா? ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கினேன். பார்க்கப் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். இறகுக்காகத் தடவினேன். வழுவழுவென்று, ஈரமாக, முள்ளோடு ஏதோ என் விரலை அடித்தது.

"மீனு!" என்று கத்தினேன். "மீனுங்க! ஜிலேபி மீனு! மூணு!"

அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூங்காவில் மீன் பிடிப்பது குற்றம், போர்டே வைத்திருக்கிறோம். திருட்டு மீன் பிடித்தவனை வாட்ச்மேன் கட்டிப்பிடித்து அழுவதைப் பார்த்துப் பத்துப் பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"சார், உங்க பேரு என்ன?" என்று டீச்சர் கேட்டார். மூன்று மணி நேரத்துக்கு அப்புறம்.

"முனிராஜுங்க. பக்கத்து ஊரு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? வந்தீங்க, 'எத்தனை சார்'னு மெதுவா கேட்டீங்க. மீன்தான் கேக்கறீங்கன்னு மூணுன்னு காட்டினேன். அப்புறம் இதைக் கழுத்துல மாட்டிட்டீங்க. எப்படி ஓடறது?"

என் கைக்குள் இன்னும் இருந்த முனிராஜு, என் காதோடு சொன்னான்: "எதுக்குண்ணா இப்படி நடுங்கறே? மேல இருக்கற அதுங்களுக்காகவா? மூணும் பத்திரமா இருக்கு."

"ரெண்டுடா."

"மூணுண்ணா."

5. ஐந்து வாட்டி

மேடத்தின் கார் வந்து நின்றது. மேனேஜர் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்தே புகார் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பூட்டு, விசாரணை, ஓட்டெடுப்பு எல்லாம் சொன்னார். நான் சாக்ஸிலிருந்து சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தேன்.

"ஏன் பூட்டினே?" என்றார் மேடம்.

"மேடம், பத்து எறங்குச்சு, பதினொண்ணு ஏறுச்சு. வேலி தாண்டி வந்தது எதுக்காக இருக்கும்னு..." கண்ணாலேயே வடக்குச் சுவரைக் காட்டினேன்.

மேடத்தின் முகம் மாறியது. வந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் நிழல்ல உட்காருங்க, டீ வருது" என்றார். பிறகு என்னையும் முனிராஜுவையும் என் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

டெலஸ்கோப்பில் நான்தான் முதலில் பார்த்தேன். ஒன்று, இரண்டு. "ரெண்டுதான் மேடம்."

"பொறுண்ணா" என்றான் முனிராஜு. "வெயில் அந்த மூலைக்குப் போகணும். சின்னது குளிர்ல வெளிய வராது. நீ ஏழு மணிக்கே எண்ணிட்டுப் போயிடறே. நான் அதுக்குக் கீழதான் தூண்டில் போடறேன், தெனமும் பாக்கறேன்."

பொறுத்தோம். வெயில் படியின் மூலைக்கு நகர்ந்தது. கல்லுக்குப் பின்னாலிருந்து பஞ்சு மாதிரி ஒரு தலை எழுந்தது. ஆரஞ்சுக் கண்ணைத் திறந்து, என்மீதே கேஸ் போடுவது மாதிரி பார்த்தது. மூன்று. ஐந்து வாட்டி எண்ணினேன். மேடமும் எண்ணினார்.

"நீ யார்கிட்டயும் சொல்லலையா?" என்று மேடம் அவனைக் கேட்டார்.

"நான் யார்கிட்ட மேடம் சொல்றது? திருட்டு மீன் புடிக்கறவன். போன அமாவாசைக்கு முந்தி, சாயங்காலம் ரெண்டு பேரு கயித்தோட வந்தானுங்க. நான் கோரைக்குள்ள இருந்து சும்னே இருமினேன். குவாரில செத்தவன் இருமறான்னு ஓடிட்டானுங்க."

"இந்தக் குவாரில யாரும் சாகல" என்றேன். எனக்கு அது முக்கியம். "பதினாறு வருஷம். ஒரு தலை கொறையல."

மேடம் டெலஸ்கோப்பிலிருந்து திரும்பினார். "அலாரம் சரிதான் அந்தோணி. கணக்குதான் ஒரு மாசமா தப்பு" என்றார். வேலையைப் பற்றி வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

தூண்டிலைப் போடமாட்டேன் என்று முனிராஜு எழுதிக் கொடுத்தான். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்களுக்கு மீன்கொத்தி காட்டுகிற வேலை. டீச்சர் இன்றும் அவனை சார் என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் கேட் வழியாக வா என்றால் அவன் வரமாட்டான். கூச்சமாம். வேலி வழியாகத்தான் வருகிறான். என் கணக்கு இடிக்கிறது என்று புலம்பினேன். மேடம் ரெஜிஸ்டரில் ஸ்கேல் வைத்துப் புதுக் கட்டம் ஒன்று போட்டுக் கொடுத்தார். உள்ளே, வெளியே, வேலி. வேலிக் கட்டத்தில் ஒன்று என்று எழுதுவேன். கணக்கு ஒத்துவிடும்.

புதிதாக வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆள் குறைந்தால் ஓடுங்கள். கூடினால் முதலில் டீ கொடுத்து, பேர் என்ன என்று கேளுங்கள். எண்ணும்போது வெயில் எல்லா மூலைக்கும் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

பறவைக் கணக்கு வேறு. அதை நான் கற்றுக்கொள்ள இன்னும் கொஞ்ச நாள் ஆனது. குஞ்சுகள் பெரிதாகி, படியின் ஓரத்தில் நின்று இறக்கை அடிக்க ஆரம்பித்தன. ஒரு நாள் ரெஜிஸ்டரில் மூன்று இரண்டானது. அப்புறம் ஒன்று. ஒரு காலை, வெயில் மூலைவரைக்கும் போன பிறகும் படி காலியாக இருந்தது. ஐந்து வாட்டி எண்ணினேன். பூஜ்யம் என்று எழுதினேன். பயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தீயணைப்பு வண்டி வரவில்லை, கேட் பூட்டப்படவில்லை, யாருக்கும் நான் போன் செய்யவில்லை.

மேடத்துக்கு மட்டும் ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன்.